பின்பக்கம் தெரியும்படி அனுப்பவும்

ஒட்டுண்ணி ஈக்களைப் படம் பார்த்து அடையாளம் சொல்லும் வேலையில், பாதி நாள் படத்துக்குள் ஈ எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். மீதிப் பாதி, படம் அனுப்பியவர் கோபித்துக்கொள்ளாமல் அவரிடம் இன்னொரு படம் வாங்குவதில் போகும்.

லாஸ்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அதற்கு ஒரு வாட்ஸப் எண். மாட்டு டாக்டர், மனுஷ டாக்டர், தோட்டம் போடுகிறவர், புறா வளர்க்கிறவர் என்று யார் வேண்டுமானாலும் ஈயையோ புழுவையோ படம் எடுத்து அதற்கு அனுப்பலாம். அது எந்த இனம், உயிருள்ள உடம்பில் புகுந்து பிழைக்கிற வகையா, சும்மா குப்பையில் திரிகிற வகையா என்று பதில் சொல்வது நான். என் மகள் இனியா பிறந்த பிறகு அந்தப் போனை வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூலக்குளத்தில் எங்கள் மாடி வீட்டில், ஒரு தொடையில் ஒன்பது மாதக் குழந்தை, இன்னொரு தொடையில் புழுப் படம்.

ஒவ்வொரு படத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இடம், எதன் உடம்பில் இருந்தது, இனம், படத்தின் தரம். தரத்துக்கு மூன்றே சொற்கள்தான்: நன்று, சுமார், மோசம். 'நன்று' எழுதி எனக்குக் கை பழகவே இல்லை. 'எதன் உடம்பில்' என்ற கட்டத்தில் மாடு, நாய், புறா, மனிதர் என்று நிரப்பும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம். ஒரு நாள் அந்தக் கட்டத்தில் இனியா வந்துவிடுவாளோ என்று. மங்கலான படத்தைப் பார்த்துப் பதில் சொல்லியே பிழைக்கிற எல்லோரும், எக்ஸ்ரே பார்க்கிறவர்களிலிருந்து கல்யாணத் தரகர்கள் வரை, எனக்குச் சொந்தக்காரர்கள்தான். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னும் பின்னும்

புழுவின் இனத்தை அதன் முகம் சொல்லாது. பின்பக்கத்தில் மூச்சு விடுவதற்கு இரண்டு புள்ளிகள் இருக்கும், அந்தப் புள்ளிகளுக்குள் கீறல் கீறலாகக் கோடுகள் இருக்கும். உயிருள்ள சதையைத் தின்கிற புழுவா, செத்த சதையோடு நிறுத்திக்கொள்கிற புழுவா என்று அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்ல முடியும். இது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊர் புழுவைக் கண்டால் முகத்தைத்தான் படம் எடுக்கும், ஆதார் அட்டைக்கு எடுப்பதுபோல. ஆகவே தினமும் முன்பின் தெரியாத ஆண்களிடம் "பின்பக்கம் தெரியும்படி அனுப்பவும்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாவாடை முழங்காலுக்குக் கீழே எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று சிஸ்டர் அளந்து பார்த்து உள்ளே விட்ட கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில், பிறந்து நாலு நாளான கன்றின் தொப்புளில் புழு. கற்பூரமும் வேப்பெண்ணெயும் குழைத்து அடைத்துவிட்டு, கீழே விழுந்த ஒன்றை ஈர்க்குச்சியால் அமுக்கிப் பிடித்துப் படம் அனுப்பினார் வீட்டுக்காரர். முகம். பின்பக்கம் கேட்டேன். மறுபடி முகம், இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில். நாலாவது தடவை கேட்டதும் அவர் ஓய்ந்துபோய் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு படங்களும் ஒரு குரல் செய்தியும் வந்தன. இரண்டில் ஒன்று நிஜமாகவே பின்பக்கம். உயிருள்ள சதையைத் தின்கிற வகைதான். உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன், கன்று பிழைத்துக்கொண்டது. அந்தக் குரல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

"யம்மா, இத்தப் பாரு, இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரிதான் இருக்குது. ரெண்டு பக்கமும் எடுத்துட்டேன். எது உனக்குப் பின்னாடியோ அத்த வச்சுக்கோ."

மொட்டை ஈ

முதலியார்பேட்டையில் ஏசி ரிப்பேர் செய்கிற ஒருவர், மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். புறா இறகுக்குள் ஓர் ஈ ஒளிந்து ரத்தம் குடிக்கும். தட்டையாக இருக்கும், நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். மற்ற ஈக்களைப் போல முட்டைகளை வாரி இறைத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை இது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத்தான் வயிற்றுக்குள் வைத்து, பால் மாதிரி ஒன்றைக் கொடுத்து வளர்த்து, பெரிதான பிறகே வெளியே விடும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பதறுகிறவள் என்ற முறையில் எனக்கு இந்த ஈயின்மேல் ஒரு மரியாதை உண்டு.

அவர் அனுப்பிய ஈ பிளாஸ்டிக்கில் செய்ததுபோல் பளபளவென்று இருந்தது. உடம்பில் ஒரு முடி இல்லை. இறக்கையில் ஒரு நரம்பு இல்லை. ஈக்களை முடியையும் நரம்பையும் எண்ணித்தான் பிரிக்கிறோம். இப்படி ஒரு ஈ உலகத்திலேயே கிடையாது என்று அரை மணி நேரம் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தோன்றி, யாருடைய போனில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கிற அவர் மகளுடைய போனாம். முகத்தில் பரு, மரு எல்லாவற்றையும் வழித்து அழகாக்கிக் காட்டும் வசதி அதில் எப்போதும் போட்டே இருக்குமாம். அதை அணைத்துவிட்டு எடுங்கள் என்றேன். எடுத்தார், ஈ ஓடிவிட்டது. வேறொன்றைப் பிடித்து எடுத்தார், கை ஆடிவிட்டது. இன்னும் தெளிவாக வேண்டும் என்றேன். எனக்கே என்மேல் எரிச்சல் வருகிற அளவுக்குக் கேட்டேன்.

"இதுக்கு மேல தெளிவா வேணும்னா மேடம், ஈயை ஸ்டுடியோவுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவணும். போறப்ப கிராப்பு வெட்டி பவுடர் போடணுமான்னு மட்டும் சொல்லிடுங்க."

முசியேவின் பிள்ளைகள்

ஊருக்குள்ளே, கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு மரியாதைப்படி நான் அவரை முசியே என்பேன், அவர் என்னை மதாம் என்பார். முற்றத்தில் தொட்டியில் எலுமிச்சைச் செடி வைத்து, வலை கட்டி, வண்ணத்துப்பூச்சி வளர்க்கிறார். ஒரு நாள் கூட்டுக்குள்ளிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. ஒரு வெள்ளைப் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு, நூல் விட்டுத் தொங்கி இறங்கியது. பதினோரு படங்கள் அனுப்பினார். பத்தில் கூடு. பதினோராவதில் கூட்டுக்குப் பக்கத்தில் அவரே, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

அதுவும் ஒட்டுண்ணி ஈதான், வலை கட்டுவதற்கு முன்பே உங்கள் புழுவின்மேல் முட்டை வைத்திருக்கும், உள்ளேயே இருந்து தின்றிருக்கிறது, இதில் உங்கள் தவறு ஏதும் இல்லை, பயிரைத் தின்கிற புழுக்களையும் இதே வகை ஈக்கள் ஒழிப்பதால் விவசாயிகளுக்கு இவை நண்பன், இது இயற்கை என்று ஆறுதலாக எழுதினேன். அடையாளம் சொல்கிறவள் ஆறுதலும் சொல்ல வேண்டும் என்று வேலையில் சேரும்போது யாரும் சொல்லவில்லை. அவர் பேசுவதும் எழுதுவதும் ஒரே புத்தகத் தமிழ்தான்.

"என் செடியில் தங்கி, என் பிள்ளைகளையே தின்றுவிட்டுப் போவதற்கு இயற்கை என்று பெயர் வைத்தால், மதாம், திருடனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?"

வட்டத்துக்குள் ஒரு புள்ளி

ஆட்டின் மூக்கில் பிழைக்கிற ஈ ஒன்று உண்டு. அது முட்டை இடாது, உட்காரக்கூடச் செய்யாது. பறந்தபடியே பொடிப் புழுக்களை ஆட்டின் மூக்கில் தெளித்துவிட்டுப் போய்விடும். சில சமயம் ஆடு என்று நினைத்து மனுஷக் கண்ணிலும். ஆடு மேய்க்கிறவர்கள், ஆட்டுக்கிடை பக்கமாக வண்டியில் போனவர்கள், கண்ணில் ஏதோ வந்து மோதியது என்று கண் டாக்டரிடம் போவார்கள். அப்படி ஒரு டாக்டர் எங்களுக்கு வாடிக்கை. பெயர் தெரியாது, குரல் கேட்டதில்லை. என் போனில் அவர் 'கண் டாக்டர்'. அவர் போனில் நாங்கள் என்னவாக இருந்தோமோ.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் துளையில் போனை வைத்து அழுத்திப் படம் எடுப்பார். கறுப்பு வட்டம், நடுவே கொஞ்சம் ஈரம், அதில் ஒரு புள்ளி. கீழே "இனம்?" என்று ஒரே சொல். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. என்னிடமும் ஒரு தொடுதலில் போகிற மாதிரி ஒரு பதில் தயாராக எழுதிவைத்திருந்தேன். "படம் தெளிவாக இல்லை. பின்பக்கம் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து மீண்டும் அனுப்பவும்." அவர் புள்ளி அனுப்புவார், நான் இதைத் தட்டுவேன். மூன்றாவது முறை அவருக்குப் பொறுக்கவில்லை.

"அளவுகோலைக் கண்ணுக்குள்ள வைக்கச் சொல்றீங்களா?"

ஆப்பிரிக்க ஈ

இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தால் பெற்றவளுக்கு என்ன ஆகும்? தினமும் குளிப்பாட்டும் முன் இனியாவைத் தலையிலிருந்து கால்வரை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பள்ளியில் சிஸ்டர் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார்களே, நகம், காது, தலை என்று, அதே வரிசை. கொசுக் கடித்த தடிப்பைப் படம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு மேலே இருக்கும் வசந்தி மேடத்துக்கு மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவையும் "கொசு" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

ஆப்பிரிக்காவில் ஓர் ஈ, காயப்போட்ட ஈரத் துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் இறங்கிவிடும். இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். இதை எங்கோ படித்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழந்தையின் கோவணத் துணி உட்பட எல்லாவற்றுக்கும் இஸ்திரி. போடுகிறவர் என் கணவர் பிரபு. வேலைவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல், இருபது துணியை மடித்து மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏம்மா, அந்த ஈ ஆப்பிரிக்காவுல இருக்குதுன்னு நீதானே சொன்ன? அது பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு மூலக்குளம் வர்ற வரைக்குமாவது நான் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

நாற்பத்திரண்டு படங்கள்

அது வரவில்லை. பக்கத்துக் காலி மனையிலேயே வேறு ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இனியாவுக்கு ஆடு என்றால் உயிர். இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். ஏதோ சாம்பல் நிறமாக அவள் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. ஒரு நொடிதான். வீல் என்று கத்தி, வலது கண்ணை மூடிக்கொண்டாள். கழுவினேன், தூங்கினாள், நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். திங்கள் காலை கண் சிவந்து, நீர் வடிந்து, இமை வீங்கியிருந்தது. டார்ச் அடித்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது, வெளிச்சம் பட்டதும் காணவில்லை.

மற்ற அம்மாக்களுக்கு ஒரு பயம்தான் வந்திருக்கும். எனக்குப் பெயர் பெயராக வந்தது. ஆட்டு மூக்கு ஈ என்றால் எடுத்துவிட்டால் போதும், மனுஷக் கண்ணில் அது வளராது. கன்றின் தொப்புளைத் தின்ற வகை என்றால்... இந்த வாக்கியத்தை இப்போதும் என்னால் முடிக்க முடியவில்லை. எது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே, வண்டியை எடு என்று சொல்ல வேண்டியவள், போனை எடுத்தேன். பிரபு தலையைப் பிடித்துக்கொள்ள, நாற்பத்திரண்டு படங்கள். பிரபுவின் கட்டை விரல், இனியாவின் காது, தலையணை, கதறுகிற வாய். கண் விழுந்த மூன்றும் ஆடிப்போயிருந்தன. இத்தனை நாள் ஊரையே திட்டிய அதே படம், என் கையாலேயே. இருந்தாலும் வசந்தி மேடத்துக்கு அனுப்பி, கீழே "எந்த இனம் மேடம்?" என்று கேட்டேன். அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"இனத்தைத் தெரிஞ்சுக்கிட்டு இன்னா பண்ணப் போற? பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புடி, லூசு!"

வெளியே உட்கார்ந்தவள்

பிரபுவுக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். நர்ஸ் இனியாவைத் துண்டில் பாய் மாதிரி சுருட்டினார். தலையைப் பிடித்துக்கொள்ள நான் கையை நீட்டினேன். டாக்டர் என் கையைப் பார்த்தார், அதில் இன்னும் டார்ச் இருந்தது. "அப்பா இருக்கட்டும். அம்மா வெளிய உக்காருங்க" என்றார். வெளியே பெஞ்சு. உள்ளே அவள் அழுகை.

கொஞ்ச நேரத்தில் பைக்குள் ஆபீஸ் போன் 'டிங்' என்றது. பழக்கம், எடுத்துவிட்டேன். 'கண் டாக்டர்'. கறுப்பு வட்டம், ஈரம், புள்ளி. ஆனால் கீழே இந்தத் தடவை ஒரே சொல்லோடு நிறுத்தவில்லை. "9 மாதப் பெண் குழந்தை. ஒண்ணு எடுத்துட்டேன். கழுவி எடுத்தா போதுமா, மயக்கம் கொடுத்து உள்ள பார்க்கணுமா? இனம்? அவசரம். அம்மா ரொம்பப் பதறுறாங்க." அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அது நான் என்று புரிவதற்குள் என் விரல் பழக்கத்தில் அந்தத் தயார்ப் பதிலைத் தட்டிவிட்டது. பின்பக்கம் தெரியும்படி. அளவுகோல் வைத்து. கதவுக்கு உள்ளே 'டிங்'. "ஐயோ, ஆரம்பிச்சுட்டாங்க" என்று ஒரு குரல்.

அவசரமாக அடித்தேன்: "பின்பக்கம் வேண்டாம். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் வைத்து வாய்ப்பக்கம் அனுப்பவும். தயவுசெய்து." ஆட்டு மூக்கு ஈயின் பொடிப் புழுவுக்கு வாயில்தான் அடையாளம், வளைந்த இரண்டு கறுப்புக் கொக்கிகள். உள்ளே அழுகை நின்றது. அது அழுவதைவிட மோசமாக இருந்தது. படம் வந்தது. பெரிதாக்கினேன். ஒரு கொக்கி. பக்கத்தில் இன்னொன்று. ஒரு புழுவின் முகத்தைப் பார்த்து நான் அழுதது அன்றுதான். பெற்றவள் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று அதை வசந்தி மேடத்துக்கும் தள்ளினேன். "அதேதான்" என்று வந்தது. "ஆட்டு மூக்கு ஈ. உள்ளே துளைத்துப் போகாது. மிச்சம் இருக்கிறதையும் எடுத்தால் போதும்" என்று டாக்டருக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இனியா நர்ஸின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் அழுகையை நிறுத்தியிருக்கிறாள். "டாக்டர், ஒண்ணோட விட்டுடாதீங்க, இது கூட்டமாத்தான் வரும், வெளிச்சம் பட்டா இமைக்குள்ள ஓடிடும்" என்றேன், மூச்சு விடாமல். டாக்டர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். தலையிலிருந்த மூக்குக்கண்ணாடியை மெதுவாக மூக்குக்கு இறக்கினார்.

"அளவுகோல் கேட்டது நீங்கதானா?"

இன்னும் இரண்டு எடுத்தார், மூன்று நாளில் கண் தெளிந்தது, இனியா மறுபடி ஆட்டைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். பொய் எழுதினால் பாவம் என்று கான்வென்ட்டில் கற்றுக்கொண்டவள்தான், ஆனாலும் பதிவேட்டில் அந்தக் கறுப்பு வட்டத்துக்கு நேரே 'படத்தின் தரம்' என்ற கட்டம் வந்தபோது, கூசாமல் 'நன்று' என்று போட்டுவிட்டேன்.